73-ஆம் எண்ணைப் பாருங்கள்: ஜோ தாமஸின் 11 ஆண்டுகள்

கேள்வி இதுதான்: "ஜோ தாமஸ் அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீகான என்எஃப்எல்லில் 11 சீசன் இருந்தார். அந்த 11 சீசன்களில் அவருடைய அணி 48 ஆட்டங்களில் ஜெயித்து 128 ஆட்டங்களில் தோற்றது. சீசன் முடிவில் சிறந்த அணிகள் மோதும் பிளேஆஃபில் ஓர் ஆட்டம்கூட அவருக்குக் கிடைக்கவில்லை. பந்தோடு எதிரணியின் எல்லைக்குள் போய்ப் புள்ளி எடுக்கும் டச்டவுன் ஒன்றுகூடப் போட்டதில்லை. அப்படியும் தகுதி வந்த முதல் ஆண்டிலேயே, தலைசிறந்த ஆட்டக்காரர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்துவிட்டார்கள். அஃபென்சிவ் லைன்மேன் என்பவர் என்னதான் செய்கிறார்? இவர் அப்படி என்ன செய்துவிட்டார்?"

நியாயமான கேள்வி. அமெரிக்கக் கால்பந்தைப் புதிதாகப் பார்ப்பவர்கள் எல்லோரும் பந்து போகும் பக்கமே கண்ணை ஓட்டுகிறார்கள். நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் பார்த்தேன். ஜோ தாமஸ் யார் என்று புரிய வேண்டுமானால் முதலில் பந்தை மறக்க வேண்டும். அதனால் அவர் செய்த வேலையிலிருந்தே தொடங்குகிறேன்.

ஓர் அணிக்கு 11 பேர். பந்து கையில் இருக்கும் அணியில் ஐந்து பேர் முன்வரிசையில் குனிந்து நிற்பார்கள். இவர்கள்தான் அஃபென்சிவ் லைன்மேன்கள். நடுவில் சென்டர், அவருக்கு இரு பக்கமும் கார்டு, அதற்கு வெளியே இரு பக்கமும் டேக்கிள். சென்டர் தன் கால்களுக்கு இடையே பந்தைப் பின்னால் இருக்கும் குவார்ட்டர்பேக்கிடம் கொடுக்கிறார். அதற்குப் பெயர் ஸ்நாப். அந்தக் கணத்திலிருந்து விசில் ஊதும் வரை நடப்பதையும் ஒரு ஸ்நாப் என்றே கணக்கு வைப்பார்கள். குவார்ட்டர்பேக் பந்தை எறிய ஆள் தேடும் இரண்டரை, மூன்று விநாடிகளுக்கு எதிரணி அவர்மேல் பாயாமல் தடுப்பது இந்த ஐந்து பேரின் வேலை. பந்தோடு ஒருவர் ஓடுவது திட்டமென்றால், அவருக்கு வழி பிளந்து கொடுப்பதும் இவர்கள்தான். சாதாரணமாக இவர்கள் பாஸ் பிடிக்கக்கூடாது என்பது விதி. எதிராளியின் சட்டையை இழுத்துப் பிடித்தால் ஹோல்டிங் என்று 10 கெஜம் பின்னுக்குத் தள்ளிவிடுவார்கள். லைன்மேன் பெயர் ஒலிபெருக்கியில் கேட்கிறதென்றால், பெரும்பாலும் அவர் ஏதோ தப்பு செய்திருக்கிறார் என்று அர்த்தம்.

இந்த ஐந்தில் லெஃப்ட் டேக்கிள் இடத்துக்குத் தனி மரியாதை உண்டு. வலது கைக்காரக் குவார்ட்டர்பேக் எறியத் திரும்பும்போது அவருடைய முதுகு இடது பக்கம் இருக்கும். அந்தப் பக்கத்திலிருந்து வருபவனை அவரால் பார்க்க முடியாது. பார்க்காத அடிதான் தோளை முறிக்கும், பந்தைத் தட்டிவிடும், சில சமயம் ஒருவரின் தொழிலையே முடித்துவைக்கும். ஜோ தாமஸ் நின்றது அந்த இடத்தில். கிளீவ்லண்ட் பிரவுன்ஸ் அணி, 73-ஆம் எண் சட்டை, 6 அடி 6 அங்குலம், 312 பவுண்டு, அதாவது 140 கிலோவுக்குச் சற்று மேல்.

அவர் பிறந்தது 1984 டிசம்பரில். வளர்ந்தது விஸ்கான்சின் மாநிலத்தின் புரூக்ஃபீல்டில். கல்லூரியும் அதே மாநிலம்தான், மேடிசனில் உள்ள விஸ்கான்சின் பல்கலைக்கழகம். அங்கே குண்டு எறிதலிலும் போட்டியிட்டார். குண்டு எறிபவனுக்கு இடுப்பின் பலமும் சின்ன வட்டத்துக்குள் காலைச் சுத்தமாக வைக்கும் பழக்கமும் வேண்டும். லைன்மேன் வேலைக்கு இதைவிட நல்ல பயிற்சி இருக்க முடியாது என்று நினைக்கிறேன்.

கல்லூரிக் காலத்தில் நடந்த ஒரு விஷயத்தைச் சொல்லாமல் தாண்ட முடியாது. 2006 ஜனவரியில் ஆபர்ன் அணியோடு கேப்பிடல் ஒன் பவுல் ஆட்டம். பந்து எதிரணியிடம் இருக்கும்போது ஆடும் தடுப்பு வரிசையில் விஸ்கான்சினுக்குப் பலர் காயத்தில் இருந்ததால், அஃபென்சிவ் லைன்காரரான தாமஸை அந்த வரிசையின் ஓரத்தில் டிஃபென்சிவ் எண்டாக இறக்கினார்கள். அணி ஜெயித்தது. அவருடைய முழங்கால் தசைநார் அறுந்தது. அந்த ஆண்டே என்எஃப்எல்லுக்குப் போய்ப் பெரிய பணம் பார்க்கும் வாய்ப்பு இருந்தது. அவர் கல்லூரிக்கே திரும்பி, காலைத் தேற்றிக்கொண்டு இன்னொரு சீசன் ஆடினார். விஸ்கான்சின் அந்த ஆண்டு 12 ஆட்டம் ஜெயித்து ஒன்றே ஒன்றில் தோற்றது. கல்லூரி அளவில் சிறந்த லைன்மேனுக்குத் தரும் அவுட்லண்ட் கோப்பையையும் அவர் பெற்றார்.

2007 ஏப்ரலில் டிராஃப்ட், அதாவது என்எஃப்எல் அணிகள் முறைவைத்துப் புதிய ஆட்டக்காரர்களை எடுக்கும் நிகழ்ச்சி. பெரிய இடத்தில் எடுக்கப்படப் போகிறவர்கள் நியூயார்க்குக்குப் போய்க் கோட்டு சூட்டோடு மேடை ஏறுவது வழக்கம். தாமஸ் அப்பாவோடு மிச்சிகன் ஏரியில் மீன் பிடிக்கப் போய்விட்டார். ஓக்லண்ட் முதலில் ஜமார்கஸ் ரஸ்ஸலை எடுத்தது. டெட்ராய்ட் இரண்டாவதாகக் கால்வின் ஜான்சனை எடுத்தது. மூன்றாவது முறை கிளீவ்லண்டுக்கு. படகில் இருந்தபடியே தாமஸ் பிரவுன்ஸ்காரர் ஆனார்.

அந்த முதல் சீசனில் பிரவுன்ஸ் 10 ஜெயித்து 6 தோற்றது. இடது கார்டாக எரிக் ஸ்டைன்பாக்கும் புதிதாக வந்திருந்தார். குவார்ட்டர்பேக் பந்தோடு வீழ்த்தப்படுவதைத்தான் சேக் என்பார்கள். முந்தைய ஆண்டை வைத்துப் பார்த்தால் அந்த எண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்கியது. ஆனாலும் கடைசி நாளில் டென்னசி ஜெயித்ததால் சமன்முறிப்புக் கணக்கில் பிளேஆஃப் இடம் கைநழுவியது. 23 வயதுப் பையனுக்கு அது பெரிய வருத்தமாக இருந்திருக்காது, அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அடுத்த பத்து ஆண்டுகளில் பிரவுன்ஸ் ஒரு முறைகூட அவ்வளவு ஜெயிக்கவில்லை. அவருடைய அணியின் மிகச் சிறந்த ஆண்டு அவருடைய முதல் ஆண்டுதான்.

சரி, தனியாக அவர் என்ன செய்தார்?

பாஸ் தடுப்பு என்பது பின்னால் நகர்ந்துகொண்டே சண்டை போடுவது. எதிரே 120 கிலோ ஆள் முழு வேகத்தில் முன்னோக்கி ஓடி வருகிறான். நீங்கள் பின்னோக்கி, பக்கவாட்டில், இடுப்பைத் தாழ்த்தியபடி நகர வேண்டும். வெளிக்கால் முதலில் வழுக்கிப் போகும், உள்கால் அதைத் தொடரும், இரண்டும் ஒட்டவும் கூடாது, அகலவும் கூடாது. இதற்குப் பெயர் கிக் ஸ்லைடு. அவசரப்பட்டு இடுப்பை வெளிப்பக்கம் திருப்பிவிட்டால் அவன் உள்பக்கமாக நுழைந்துவிடுவான். திருப்பாமலே இருந்தால் வெளிப்பக்கமாக வளைந்து போய்விடுவான். கைகளை முன்னதாக நீட்டினால் தட்டிவிடுவான். தாமதமாக நீட்டினால் உங்கள் நெஞ்சில் அவன் கை விழுந்துவிடும்.

தாமஸின் கால்களை மெதுவாக ஓட்டிப் பார்த்தால் ஒரு விஷயம் தெரியும். ஒவ்வொரு முறையும் அவர் ஒரே மாதிரி பின்வாங்குவதில்லை. சில ஸ்நாப்பில் நேராகப் பின்னால் போகிறார், சிலவற்றில் கோணமாக. சிலவற்றில் பின்வாங்காமல் கோட்டிலேயே பாய்ந்து எதிராளியைப் பிடித்துவிடுகிறார். விளிம்பிலிருந்து பாய்ந்து வருபவன் தன் தந்திரத்தை அடிக்கணக்கில்தான் அமைக்கிறான், மூன்றாவது அடியில் மோதல், நான்காவதில் கை வீச்சு என்று. மோதல் நடக்கும் இடம் ஒவ்வொரு முறையும் மாறினால் அந்தக் கணக்கு குலைந்துபோகும். அவன் மறுபடி யோசிக்கும் அரை விநாடியில் பந்து போய்விடுகிறது. பலத்தால் மட்டும் வென்றிருந்தால் 32 வயதில் தேய்ந்த முழங்கால்களோடு, லீகின் சிறந்தவர்களைச் சொல்லும் ஆல்-புரோ பட்டியலில் அவர் இருந்திருக்க மாட்டார்.

யாரோடு மோதினார் என்பதும் முக்கியம். பிரவுன்ஸ் இருக்கும் பிரிவில் பிட்ஸ்பர்க்கும் பால்ட்டிமோரும் உண்டு. ஒவ்வோர் ஆண்டும் இரண்டோடும் இரண்டிரண்டு ஆட்டம். பிட்ஸ்பர்க்கில் ஜேம்ஸ் ஹாரிசன், 2008-இல் லீகின் சிறந்த தடுப்பாட்டக்காரர். பால்ட்டிமோரில் டெரல் சக்ஸ், 2011-இல் அதே விருது. இருவரும் தாமஸ் நிற்கும் பக்கத்திலேயே அதிகம் வருவார்கள். ஹாரிசன் 6 அடி உயரம்தான். நெட்டையான டேக்கிளுக்குக் குட்டையான பலசாலிதான் பெரிய தொல்லை, குனிந்து நெஞ்சுக்குக் கீழே புகுந்து தூக்கிவிடுவான். சக்ஸ் நேர் எதிர், நீளமான கையும் நிறைய சூழ்ச்சியும் உள்ளவர். ஆண்டுக்கு நான்கு ஞாயிறு இப்படி இருவரைச் சமாளிக்கத் தன்னிடம் இரண்டு விதமான ஆட்டம் இருக்க வேண்டும்.

புரோ ஃபுட்பால் ஃபோகஸ் நிறுவனம் ஒவ்வொரு ஸ்நாப்பையும் பார்த்துக் கணக்கு வைக்கிறது. அவர்கள் கணக்கில் தாமஸ் பாஸுக்காகத் தடுத்தது 6,680 முறை, தன் பொறுப்பில் விட்ட சேக் 30. ஒரு முழு சீசனுக்கு மூன்றுகூட வரவில்லை.

இந்த எண்ணைவிடவும் என்னை அசைத்தது இன்னொன்று. இவரைப் பற்றி எழுதுபவர்கள் இதை ஒரு வரியில் தாண்டிப் போய்விடுகிறார்கள், எனக்கு அதில் வருத்தம் உண்டு. தாமஸின் காலத்தில் பிரவுன்ஸுக்கு 20 பேர் தொடக்கக் குவார்ட்டர்பேக்காக இருந்தார்கள். இருபது பேர்! சார்லி ஃப்ரை முதல் ஆட்டத்தைத் தொடங்கினார், பிட்ஸ்பர்க்கிடம் 34-7 என்று அடி, இரண்டே நாளில் அவரை சியாட்டிலுக்கு அனுப்பிவிட்டார்கள். அப்புறம் டெரெக் ஆண்டர்சன், பிரேடி குவின், கென் டார்சி, புரூஸ் கிராட்கௌஸ்கி, ஜேக் டெலோம், செனெகா வாலஸ், கோல்ட் மெக்காய், பிராண்டன் வீடன், தாட் லூயிஸ், ஜேசன் கேம்பல், பிரையன் ஹோயர், ஜானி மான்சியல், கானர் ஷா, ஜோஷ் மெக்கௌன், ஆஸ்டின் டேவிஸ், ராபர்ட் கிரிஃபின், கோடி கெஸ்லர், டிஷோன் கைசர், கெவின் ஹோகன். இவர்களில் குவின், வீடன், மான்சியல் மூவரையும் வெவ்வேறு ஆண்டுகளில் டிராஃப்டின் அதே 22-ஆவது இடத்தில் எடுத்தார்கள். வீடன் பேஸ்பால் ஆடிவிட்டு வந்தவர், எடுக்கும்போதே வயது 28. மூவரில் ஒருவரும் நிலைக்கவில்லை.

ஒரு லெஃப்ட் டேக்கிளுக்கு இது ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்றால், அவர் குவார்ட்டர்பேக்கைப் பார்க்காமல் குவார்ட்டர்பேக்கைக் காப்பாற்றுகிறார். முதுகு அந்தப் பக்கம். தனக்குப் பின்னால் எத்தனை கெஜத்தில் அவர் நிற்கிறார், எந்தப் பக்கம் சாய்வார், எத்தனை எண்ணும்போது பந்தை விடுவார் என்பதை உடம்பிலேயே ஏற்றி வைத்திருக்க வேண்டும். எதிராளியைச் சுற்றுப்பாதையில் தள்ளிவிடுகிறீர்கள், அவன் குவார்ட்டர்பேக்குக்குப் பின்னால் போய்விடுவான் என்ற நம்பிக்கையில். குவார்ட்டர்பேக் வழக்கத்தைவிட இரண்டு கெஜம் பின்னால் நின்றால், நீங்கள் தள்ளிவிட்ட இடத்திலேயே அவர் இருப்பார். ஜோஷ் மெக்கௌன் போன்ற அனுபவசாலி, லைன்மேன்கள் சுற்றிக் காக்கும் பாக்கெட்டுக்குள் ஓரடி முன்னேறி எறிவார், டேக்கிளுக்கு நிம்மதி. மான்சியல் எந்நேரமும் வெளியே ஓடப் பார்ப்பார், அப்போது நீங்கள் சரியாகத் தடுத்த ஆளே திடீரென்று அவரைப் பிடிக்கச் சரியான இடத்தில் நிற்பான். நன்றாகப் பழகிய ஒரே குவார்ட்டர்பேக்கோடு பத்து ஆண்டு ஆடிய டேக்கிள்கள் இருக்கிறார்கள். அவர்களோடு ஒப்பிட்டால் தாமஸ் ஏறக்குறைய ஆண்டுக்கு இரண்டு முறை புதிய ஆளின் பழக்கவழக்கத்தைக் கற்றுக்கொண்டார். தலைமைப் பயிற்சியாளர்களும் ஆறு பேர் மாறினார்கள். ஒவ்வொருவர் மாறும்போதும் திட்டங்களின் பெயர்கள், சைகைகள், எண்ணிக்கைகள் எல்லாம் புதிதாக. இத்தனைக்கும் நடுவில் 30 சேக்தான் என்பதை இன்னொரு முறை யோசித்துப் பாருங்கள்.

ஓட்டத்துக்கு வழி பிளக்கும் வேலையிலும் அவர் குறைந்தவர் இல்லை. 2009 டிசம்பர் 20 அன்று கேன்சஸ் சிட்டியில் ஜெரோம் ஹாரிசன் பந்தோடு 286 கெஜம் ஓடினார். அணியின் பழைய நட்சத்திர ஓட்டக்காரர் ஜிம் பிரவுன் பெயரில் இருந்த அணிச் சாதனை அன்று உடைந்தது. ஜிம் பிரவுனை முந்துவது கிளீவ்லண்டில் எப்படிப்பட்ட விஷயம் என்று அந்த ஊர்க்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். அடுத்த ஆண்டு பெய்டன் ஹில்லிஸ் 1,177 கெஜம் ஓடினார். இரண்டு பேரும் அதற்குப் பிறகு அந்த உயரத்தைத் தொடவில்லை. இரண்டு பேருக்கும் முன்னால் இடது பக்கம் நின்றவர் அதே ஆள்.

தோல்விகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, ஒரே மாதிரிதான் இருக்கும்: 4 வெற்றி, 5 வெற்றி, மறுபடி 4. கொஞ்சம் வலித்தது 2014. சென்டர் அலெக்ஸ் மேக் ஐந்தாவது ஆட்டத்தில் காலை முறித்துக்கொண்டார். அவரும் அதுவரை ஒரு ஸ்நாப்பைக்கூட விடாதவர். அப்படியும் அணி 7 வெற்றி, 4 தோல்வி என்ற நிலை வரை போனது. பிறகு ஐந்து தொடர் தோல்வி. 2015 நவம்பரில் டென்வர் அணி தாமஸைக் கேட்டது, அவர்களுடைய லெஃப்ட் டேக்கிள் ரயான் கிளேடி காயத்தில் இருந்தார். பேச்சு கடைசி நேரம் வரை வந்து முறிந்தது. சில மாதங்களில் டென்வர் லீகின் இறுதிப்போட்டியான சூப்பர் பவுலை ஜெயித்தது. தாமஸ் கிளீவ்லண்டில் 3-13 சீசனை முடித்தார். வேறு ஊருக்கு அனுப்புங்கள் என்று அவர் அணியை நெருக்கியதே இல்லை. அப்படிக் கேட்டிருந்தால் ஒருவரும் தப்பு சொல்லியிருக்க மாட்டார்கள்.

2016-இல் முதல் 14 ஆட்டங்களும் தோல்வி. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் சான் டியகோவை 20-17 என்று ஜெயித்தார்கள், அந்த ஆண்டின் ஒரே வெற்றி. பத்தாவது சீசனில் இருக்கும், பத்து முறையும் அந்த ஆண்டின் சிறந்தவர்களுக்கான புரோ பவுலுக்குத் தேர்வான ஓர் ஆள் அந்த ஒரு வெற்றிக்காக எவ்வளவு சந்தோஷப்பட்டார் என்பதைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

இப்போது எல்லோரும் சொல்லும் அந்த எண்ணுக்கு வருகிறேன்: 10,363. 2007-இன் முதல் ஸ்நாப்பிலிருந்து 2017 அக்டோபர் 22 வரை, 167 ஆட்டங்களில், பிரவுன்ஸ் பந்தை வைத்திருந்த ஒவ்வொரு ஸ்நாப்பிலும் தாமஸ் களத்தில் இருந்தார். ஒன்றில்கூட வெளியே உட்காரவில்லை. ஆட்டம் கைவிட்டுப்போன பிறகும் இருந்தார், பனியிலும் இருந்தார். லீக் 1999-இல் ஸ்நாப் கணக்கு வைக்கத் தொடங்கியதற்குப் பிறகு இதற்கு இணையாக ஒருவரும் இல்லை. லைன்மேனுக்கு வேறு கணக்கு கிடையாது, கெஜம் இல்லை, புள்ளி இல்லை. கடைசியில் வருகைப் பதிவேடே அவருடைய புகழாகிவிட்டது. எனக்கு அந்த எண்மீது மதிப்பு உண்டு. ஆனால் அதை மட்டும் சொன்னால் அவர் ஏதோ தவறாமல் வந்துபோனவர் என்று ஆகிவிடும். ஆறு முறை முதல் நிலை ஆல்-புரோ, அதாவது லீகிலேயே அந்த இடத்துக்குச் சிறந்தவர் என்ற தேர்வு. தன் முதல் பத்து ஆண்டுகளிலும் புரோ பவுலுக்குப் போனவர்கள் லாரன்ஸ் டெய்லர், பாரி சாண்டர்ஸ் மாதிரி விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே.

அந்த 2017 அக்டோபர் 22 அன்று டென்னசியோடு ஆட்டம், மூன்றாவது கால்பகுதி. ஓட்டத்துக்கான தடுப்பில் இடது கையின் பின்தசைநார் கிழிந்தது. கையைப் பிடித்துக்கொண்டு கீழே கிடந்தார். ஸ்பென்சர் டிராங்கோ அவருடைய இடத்துக்கு வந்தார். பத்து ஆண்டுகளுக்கு மேல் அந்த இடத்தில் முதல் முறையாக வேறொருவர். அந்த சீசனில் பிரவுன்ஸ் 16 ஆட்டங்களிலும் தோற்றது. 2018 மார்ச்சில் தாமஸ் ஓய்வு அறிவித்தார்.

ஓய்வுக்குப் பின் அவரைப் படத்தில் பார்த்தவர்களுக்கு அடையாளமே தெரியவில்லை. சில மாதங்களில் 50 பவுண்டு குறைத்துவிட்டார். லைன்மேன் எடை என்பது பசிக்காமல் சாப்பிட்டுச் சாப்பிட்டு ஏற்றி வைத்திருக்கும் எடை. அதைத் தாங்கும் முழங்கால்களுக்கு அது தெரியும். நீச்சலும் யோகாவும் செய்து இறக்கினார். ஆடிக்கொண்டிருந்த காலத்திலேயே தனக்கு ஞாபக மறதி தொடங்கியிருக்கிறது என்று வெளிப்படையாகச் சொன்னவர் அவர். தலையில் விழும் அடிகளைப் பற்றி ஆட்டக்காரர்கள் வாய் திறக்கத் தயங்கும் இடத்தில் அது தைரியமான பேச்சு. இந்த ஆட்டத்தை நேசிப்பவர்கள் அந்தக் கணக்கையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

2023 ஆகஸ்டில் ஓஹாயோவின் கேன்டனில் ஹால் ஆஃப் ஃபேம் விழா. கிளீவ்லண்டிலிருந்து ஒரு மணி நேரக் கார் பயணம்தான். அதே வாரம் ஹால் ஆஃப் ஃபேம் ஆட்டத்திலும் பிரவுன்ஸ்தான் ஆடியது. அணி 1999-இல் மறுபடி தொடங்கப்பட்ட பின் அதற்காக ஆடி அங்கே நுழைந்த முதல் ஆள் தாமஸ்.

எங்கிருந்து பார்ப்பது என்று கேட்டால், நான் சொல்வது அந்த 2009 கேன்சஸ் சிட்டி ஆட்டம். எதிரணி உதைத்து அனுப்பும் கிக்காஃப் பந்தைப் பிடித்து ஜாஷ் கிரிப்ஸ் இரண்டு முறை டச்டவுன் வரை திருப்பி ஓடியதும் அதே நாளில்தான், அதனால் சலிப்பும் தட்டாது. முதல் முறை ஹாரிசன் ஓடுவதை ஆசைதீரப் பாருங்கள். இரண்டாவது முறை ஸ்நாப்புக்கு முன்னால் இடது ஓரத்தில் 73-ஆம் எண்ணைக் கண்டுபிடித்து, விசில் ஊதும் வரை அதிலிருந்து கண்ணை எடுக்காதீர்கள்.